மாநிலத்துக்கு ஒரு பண்டம். நம்ம மேசை எங்கே?



அண்மையில் சங்க வேலையாக நாம் சிலாங்கூரில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். சந்தா விஷயம், மருத்துவ விடுப்புக்குச் சம்பளம் பிடித்த விஷயம் எல்லாம் பேசி முடிக்க மாலை ஆறு மணி ஆகிவிட்டது. லயத்து வாசலில் காப்பி கொடுத்து உட்காரச் சொன்னார்கள். அங்கே தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பெரிய அட்டையில் ஏதோ எழுதிக் கொண்டிருந்தான்.

"என்ன தம்பி எழுதுறே?" என்று கேட்டோம்.

"சுதந்திர மாசத்துக்குப் பள்ளியில கண்காட்சி அங்கிள். பதினாலு மேசை. மாநிலத்துக்கு ஒரு பயிரு, இல்லாட்டி ஒரு பலகாரம் வைக்கணும்" என்றான். பிறகு வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் மளமளவென்று சொன்னான். பெர்லிசுக்கு ஹாருமானிஸ் மாம்பழம், கெடாவுக்கு நெல், பினாங்குக்கு ஜாதிக்காய், பேராக்குக்குத் தம்புன் பம்பளிமாஸ், கிளந்தானுக்கு நாசி கெராபு, திரெங்கானுவுக்குக் கெரொப்போக் லெக்கோர், பகாங்குக்குக் கேமரன் மலைத் தேயிலை, நெகிரி செம்பிலானுக்கு மசாக் லெமாக், மலாக்காவுக்கு அசாம் பெடாஸ், ஜொகூருக்கு அன்னாசி, சபாவுக்குத் தெனோம் காப்பி, சரவாக்குக்கு மிளகு.

"சிலாங்கூருக்கு?"

"செகிஞ்சான் அரிசி."

"கோலாலம்பூருக்கு?"

"அங்க வயலே இல்லியே அங்கிள். தே தாரிக் வைக்கலாம்னு டீச்சர் சொன்னாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சுவரில் சாய்ந்து வெற்றிலை மடித்துக் கொண்டிருந்த பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. "ஏன்டா கண்ணு, நான் முப்பத்தஞ்சு வருசம் பால் வெட்டுனேன். உங்கப்பன் இன்னைக்கும் குலை வெட்டுறான். இத்தனை மேசை சொன்னியே, இதுல நம்ம மேசை எங்கடா?" என்றார்.

"அது ரெண்டும் சாப்பாடு இல்லேன்னு டீச்சர் சொல்லிட்டாங்க பாட்டி."

பாட்டி நம் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தம்பி, இது நியாயமா?"

ஊர் ஊராய்ப் போய்ப் பேசுகிற நமக்கு அன்று சட்டென்று பதில் வரவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான். அதற்கான பதிலையே இந்த வாரம் எழுதுகிறோம்.

அடையாளம் எப்படிப் பிறக்கிறது?

ஒரு மாநிலத்துக்கு ஒரு பயிர் அடையாளமாவது எப்படி? முதலில் மண்ணும் வானமும் சொல்ல வேண்டும். மா மரம் பூக்க வேண்டுமானால் சில வாரம் நல்ல வெயில் வேண்டும். ஆண்டு முழுதும் மழை பெய்யும் இந்த நாட்டில், வடக்குக் கோடியில் இருக்கும் பெர்லிசில்தான் அந்த வறட்சி ஒழுங்காக வருகிறது. அதனால்தான் ஹாருமானிஸ் அங்கே இனிக்கிறது. கெடாச் சமவெளியில் மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970இல் முடிந்த பிறகு ஆண்டுக்கு இரண்டு போகம் விளைந்தது. பொந்தியான் பக்கத்துச் சதுப்பு மண்ணின் புளிப்பை மற்றப் பயிர்கள் தாங்க மாட்டா. அன்னாசி தாங்கும். ஆகவே ஜொகூர் அன்னாசி என்று பெயர் வந்தது. இதில் யாரும் குறை சொல்வதற்கில்லை.

அடுத்து, ஆட்சியாளர் சின்னத்தில் பொறிப்பது. பினாங்கு என்ற பெயரே பாக்கு மரத்தின் பெயர். அம்மாநிலக் கொடியில் பாக்கு மரம் நிற்கிறது. மலாக்காவுக்குப் பெயர் தந்த மரம் எது தெரியுமா? பரமேஸ்வரா ஒரு மரத்தடியில் இளைப்பாறினார், அந்த மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்தார் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்களே, அந்த மலாக்கா மரம் வேறொன்றுமில்லை, நம் நெல்லி மரம்தான்! ஊறுகாய் போடும் அதே நெல்லி. பாக்கும் நெல்லியும் நாட்டின் சின்னத்திலேயே இடம் பெற்றுவிட்டன.

ஜொகூரின் சின்னத்தைப் பாருங்கள். அதில் மிளகுக் கொடியும் கம்பீர் இலையும் இருக்கின்றன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு சீனத் தோட்டக்காரர்கள் காட்டை அழித்து அவ்விரண்டையும் பயிரிட்டார்கள். ஜொகூரின் கருவூலத்தை நிரப்பியவை அவை. இன்று ஜொகூரில் கம்பீர்த் தோட்டத்தைத் தேடினாலும் கிடைப்பது அரிது. ஆனால் பயிர் போனாலும் சின்னம் நிற்கிறது. இதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது வழி சட்டம். 'புவிசார் குறியீடு' என்று ஒரு பதிவு உண்டு. 2000ஆம் ஆண்டில் அதற்கென்று இந்த நாட்டில் சட்டம் வந்தது. 2022இல் புதுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. 'சரவாக் மிளகு' 2003இலேயே பதிவாகிவிட்டது. பெர்லிஸ் ஹாருமானிசும், சரவாக் மலைநாட்டின் பாரியோ அரிசியும், தெனோம் காப்பியும் அப்படிப் பதிவானவையே. பதிவான பெயரை வேறு ஊர்க்காரன் தன் சரக்குக்கு ஒட்ட முடியாது. பெயருக்குக் காசு மதிப்பு உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது என்று இதற்குப் பொருள்.

டுரியானைப் பாருங்களேன்! 'முசாங் கிங்' என்ற பெயர் கிளந்தானில் உள்ள குவா முசாங்கிலிருந்து வந்தது. 1993இல் டி197 என்ற எண்ணில் பதிவானது. ஆனால் அதை வைத்துப் பேர் வாங்கியது பகாங்கின் ரவூப். பெயர் ஒருவருக்கு, புகழ் ஒருவருக்கு!

எல்லாருக்கும் பொது, யாருக்கும் சொந்தமில்லை

நாம் தோட்டப் பள்ளியில் படித்த காலத்தில் தபால் தலை சேர்ப்பது ஒரு பைத்தியம். ஆபீசில் வேலை செய்யும் கிராணி கிழித்துப் போடும் உறைகளைப் பொறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, தலையை உரித்து நோட்டில் ஒட்டுவோம். 1986இல் வெளிவந்த ஒரு வரிசை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு காசுக்குக் காப்பி, இரண்டு காசுக்குத் தேங்காய், ஐந்துக்குக் கொக்கோ, பத்துக்கு மிளகு, பதினைந்துக்கு ரப்பர், இருபதுக்குச் செம்பனை, முப்பதுக்கு நெல். ஆக ஏழு பயிர்.

அதில் ஒரு வேடிக்கை. எல்லா மாநிலத்துக்கும் அதே ஏழு படங்கள்தாம்! மேலே இருக்கும் சுல்தான் படமோ மாநிலச் சின்னமோ மட்டும் மாறும். கூட்டரசுப் பிரதேசத்துக்கும் நெல் கிடைத்தது, பெர்லிசுக்கும் கொக்கோ கிடைத்தது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "அச்சடித்தவன் சோம்பேறி" என்று சிரித்தோம். இப்போது யோசித்தால் அந்தத் தலையில் ஓர் உண்மை இருக்கிறது. ரப்பரும் செம்பனையும் ஒரு மாநிலத்தின் சொத்தல்ல, நாடு முழுவதும் நிற்பவை. எல்லாருக்கும் பொதுவான பிள்ளையை யாரும் மடியில் வைத்துக் கொஞ்ச மாட்டார்கள் அல்லவா? அந்தக் கதிதான் நம் மரங்களுக்கு.

ஆனால் அவை செய்தது கொஞ்சமா? 1957இல் மலாயாக் கூட்டரசு தன் பெயரில் வெளியிட்ட முதல் தபால் தலை வரிசையில், ஒன்றில் பால் மரம் சீவும் காட்சியைத்தான் அச்சிட்டார்கள். 1980களின் இறுதி வரை உலகில் அதிக ரப்பர் எடுத்த நாடு மலேசியா. பிறகு செம்பனை அந்த இடத்தைப் பிடித்தது. பல ஆண்டுகள் அதிலும் முதலிடம். இன்று இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம். சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று நாடு கட்டிக்கொண்டதில் அந்த இரு மரங்களின் பணம் கலந்திருக்கிறது என்பதை யாரும் மறுக்க முடியாது.

மரத்துக்குச் சிவப்பு அட்டை உண்டா?

"ரப்பரும் செம்பனையும் வெளிநாட்டு மரம்தானே, அதை எப்படி நம் மாநில அடையாளமாகச் சொல்வது?" என்று கேட்போரும் உண்டு. அவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வோம்.

ரப்பர் பிரேசில் காட்டு மரம். லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து, இலங்கை வழியாகக் கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் என்று ஒன்றை இன்றும் அங்கே வேலி போட்டுக் காக்கிறார்கள். செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். தேயிலை அசாமிலிருந்து வந்தது. அன்னாசியும் மிளகாயும் தென் அமெரிக்கப் பக்கத்தவை. சரவாக் பெருமைப்படும் மிளகு? அது நம் மலையாளக் கரை மலைக்காட்டுக் கொடி! மாநில மேசைகளில் உட்கார்ந்திருக்கும் பண்டங்களில் பாதிக்கு மேல் கப்பலேறி வந்தவைதாம்.

வந்த செடிக்கு யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. இரண்டு தலைமுறையில் அது ஜொகூர் அன்னாசி ஆனது, சரவாக் மிளகு ஆனது. அதே கப்பல் காலத்தில் வந்து, அந்தச் செடியை நட்டு, களை பிடுங்கி, பால் வெட்டிய மனிதனுக்கோ சிவப்பு அடையாள அட்டை! 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கேட்டபோது, பிறந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எத்தனை பேர் ஊர் திரும்பினார்கள் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நீல அட்டைக்காக ஆபீஸ் படி ஏறி இறங்கும் கிழவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்த நாட்டில் செம்பனையை வாணிபப் பயிராக முதன்முதலில் பயிரிட்டது 1917இல், கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில். அதன் பெயர் 'தென்னமரம்'! சொல்லிப் பாருங்கள், யார் வாயிலிருந்து வந்த சொல் என்று தெரியும். துரை பிரெஞ்சுக்காரர், மரம் ஆப்பிரிக்காவுடையது. பெயர் மட்டும் நம் தமிழ். ஆகவே சிலாங்கூர் மேசையில் செகிஞ்சான் அரிசிக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைக் குலை வைத்தால், அது யார் தயவும் இல்லாமல் பெற்ற இடம்தான்.

"அது சாப்பாடு இல்லையே" என்றால்?

ஆசிரியையைக் குறை சொல்லவில்லை. கண்காட்சி என்றால் கண்ணுக்குத் தெரிவதைத்தானே வைப்பார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாததை நாம் சொல்லிக் கொடுக்க வேண்டாமா?

திரெங்கானு கெரொப்போக் லெக்கோரைப் பொரிப்பது எதில்? ரொட்டி சானாய் மாவைத் தட்டி வீசும்போது கையில் தடவுவது எது? தீபாவளி முறுக்கு எதில் வேகிறது? பாட்டில் எண்ணெய் என்று நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் செம்பனை எண்ணெய்தான். பதினான்கு மேசையில் எண்ணெய் தொடாத மேசையைத்தான் விரல் விட்டு எண்ண வேண்டும். நம்முடைய பண்டத்துக்குத் தனி மேசை இல்லை, உண்மைதான். அது மற்ற மேசைகளின் சட்டிக்குள் இருக்கிறது.

அந்த எண்ணெய் நல்ல எண்ணெயாக வருவதும் கைத்திறமையால்தான். மரத்தடியில் உதிரிப் பழம் விழுந்திருப்பதைப் பார்த்துக் குலை பழுத்ததா என்று சொல்ல வேண்டும். காயை வெட்டினால் எண்ணெய் குறையும். பழுத்ததை விட்டுவிட்டால் வீணாகும். வெட்டிய குலை ஒரு நாளுக்குள் மில்லுக்குப் போகாவிட்டால் எண்ணெயில் புளிப்பு ஏறும். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க, நீளக் கம்பில் அரிவாளைப் பிடித்து, முள் மட்டையை முதலில் இறக்கி, பிறகு குலையை இறக்குகிறவனுக்கு இதெல்லாம் மனப்பாடம். பால் வெட்டும் அப்படித்தான். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டிலேயே விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு போவார்கள். பட்டைக்குள் மரத்தைக் காயப்படுத்தாமல் மயிரிழை அளவுக்குச் சீவ வேண்டும். மாம்பழத்துக்கு மண்தான் பெருமை தருகிறது என்றால், பாலுக்கும் குலைக்கும் கைதான் பெருமை.

அடுப்படியில் இருந்து எழுந்தவை

உணவுப் பக்கம் வருவோம். 2024 டிசம்பரில் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை ஐ.நா.வின் யுனெஸ்கோ அமைப்பு உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக்கோடு ரொட்டி சானாய்க்கும் தே தாரிக்குக்கும் அதில் இடம் உண்டு. பினாங்கின் நாசி கண்டாருக்கு அந்தப் பெயர் வந்ததே, தோளில் காவடிபோல் கம்பைத் தூக்கி, இரு பக்கமும் சோறும் கறியும் தொங்கவிட்டு விற்ற தமிழ் முஸ்லிம் வியாபாரிகளால்தான். நம் இனத்துக் கை பட்ட உணவு நாட்டின் பெருமையாகியிருப்பதில் நமக்கு மகிழ்ச்சியே.

ஆனால் இவை பட்டணத்து உணவு, கடை உணவு. கடைக்கு வந்தது பட்டியலுக்கும் வரும். லயத்து அடுப்படியில் வெந்தது எந்தக் கடைக்கும் வரவில்லை. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல், மரவள்ளிக் கிழங்கை அவித்தும், காயவைத்து மாவாக்கியும் நம் முன்னோர் உயிர் பிழைத்தார்கள். மழை பெய்த மறுநாள் தீம்பாரில் பொறுக்கிய காளான், வாய்க்கால் ஓரத்துப் பாக்குக் கீரை, கொல்லையில் நின்ற ஒற்றை முருங்கை, சம்பளம் போட்டு மூன்றாம் வாரம் ஆனால் கருவாட்டுக் குழம்பு. வறுமையின் சாப்பாடு என்று வெட்கப்பட்டு நாமே இவற்றை மறைத்துவிட்டோம். கெராபுவும் பூடுவும் கிளந்தான் ஏழை வீட்டில் இருந்துதானே வந்தன? அவர்கள் வெட்கப்படவில்லை. அதனால் இன்று அது மாநிலத்தின் பெயர் சொல்கிறது.

இப்போது என்ன செய்யலாம்?

புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பிக்க உரிமை, அந்த இடத்தில் அந்தப் பண்டத்தை உற்பத்தி செய்வோருக்கும் அவர்களின் அமைப்புகளுக்கும் அதிகாரமுள்ள அரசு அமைப்புகளுக்கும் உண்டு. மண்ணும் இல்லை, மரமும் இல்லை, கூலிதான் உண்டு என்றிருக்கும் தொழிலாளிக்கு அந்தச் சட்டத்தில் நாற்காலி கிடையாது. ஆகவே அதை நம்பி உட்கார வேண்டாம். நம் கையால் முடிந்தது மூன்று.

ஒன்று: கொல்லை. வீட்டுப் பக்கத்தில் நாலு முழ மண் இருந்தாலும் முருங்கை, கறிவேப்பிலை, மரவள்ளி நட்டு வையுங்கள். நிர்வாகம் மறுநடவுக்கோ விற்பனைக்கோ கொல்லை நிலத்தைக் கேட்டால், வாய்ப் பேச்சில் விட்டுக் கொடுக்காதீர்கள். கிளைத் தலைவரிடம் சொல்லி, எழுத்தில் கேளுங்கள். அந்த மண்ணில் விளைவது காய்கறி மட்டுமல்ல.

இரண்டு: எழுதி வைப்பது. அந்தப் பாட்டியிடம், "எந்தெந்தத் தோட்டத்தில் வேலை செய்தீர்கள்?" என்று கேட்டோம். ஐந்து பெயர் சொன்னார். அதில் மூன்று இன்று வீடமைப்புப் பகுதி, ஒன்று தொழிற்பேட்டை. மரம் போய்விட்டது, லயம் போய்விட்டது, பெயர்ப்பலகையும் போய்விட்டது. ஜொகூரில் கம்பீர் போனபிறகும் சின்னத்தில் இலை நிற்கிறதே! நமக்கு அப்படிச் சின்னம் போட்டுத் தர யாரும் இல்லை. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம்தான் நம் சின்னம். தோட்டத்தின் பெயர், அங்கே என்ன மரம், எந்த ஆண்டு வரை, வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று நாலு வரி எழுதினால் போதும்.

மூன்று: நாம் பட்டதைப் பிறருக்குச் செய்யாமல் இருப்பது. இன்று பல தோட்டங்களில் குலை வெட்டுகிறவர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளி. "அவன் வெளிநாட்டான்" என்று நாமே சொல்கிறோம். நம் தாத்தாவையும் அப்படித்தான் சொன்னார்கள். எண்ணெயின் பெருமையில் நம் பங்கைக் கேட்கும்போது அவர்கள் பங்கையும் சேர்த்துக் கேட்பதே தொழிலாளி மரபு.

பாட்டியின் யோசனை

அன்று இரவே பையனின் அப்பா, பள்ளியில் பதினைந்தாவது மேசை கேட்கலாமா என்று நம்மிடம் கேட்டார். மறுநாள் கேட்டும் பார்த்தார். மண்டபத்தில் இடம் இல்லை என்றார்களாம். பாட்டிதான் ஒரு வழி சொன்னார்: "தனி மேசை எதுக்குடா? எல்லா மேசையிலும் ஒரு உதிரிப் பழம் வையுங்க."

ஆசிரியை சிரித்துக்கொண்டே சம்மதித்தாராம். கண்காட்சி அன்று நம்மால் போக முடியவில்லை. அப்பா கைப்பேசியில் படம் அனுப்பியிருந்தார். பதினான்கு மேசை, பதினான்கு சிறு தட்டு, ஒவ்வொன்றிலும் செக்கச் சிவந்த ஒரு பழம். பக்கத்தில் பிள்ளை எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: "இந்த மேசையின் எண்ணெய் எங்கள் தோட்டத்தில் இருந்து வந்தது." சிலாங்கூர் மேசையில் மட்டும் கூடுதலாக ஒரு தாள். அதில் பாட்டி சொன்ன ஐந்து தோட்டங்களின் பெயர்.

வந்த விருந்தாளி ஒருவர், "இது என்ன கொட்டை?" என்று கேட்டாராம். தினம் அந்த எண்ணெயில் பொரித்துத் தின்கிறவருக்கு அந்தப் பழத்தைத் தெரியவில்லை! பையன் கோபப்படவில்லை. குலை எப்படிப் பழுக்கும், அப்பா எப்படி வெட்டுவார் என்று பத்து நிமிடம் நின்று விளக்கினானாம்.

அப்படி நின்று சொல்ல ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பிள்ளை வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேலை செய்த தோட்டங்களின் பெயரையும், லயத்து அடுப்படியில் வெந்ததையும் நாலு வரி எழுதி இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். வாரம் சில பெயராக இங்கேயே வெளியிடுவோம்.